ஐஸ் மேல ஹாக்கியாம்

பெங்களூரு ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தின் தூண்களை விட்டு உள்ளே நடந்தால் தெருக்கள் குறுகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்டோக்காரர், "இங்கியே இறங்கிக்கோ சார், உள்ள போனா ரிவர்ஸ்லதான் வரணும்" என்று சொல்லிவிடுவார். அப்படி இறங்க வேண்டிய ஒரு சந்தின் மூலையில் டீக்கடை. கடைக்கு வெளியே சிமென்ட் திண்ணை. அதில் உட்கார்ந்தால் சந்து முழுக்கத் தெரியும். பை-டூ காபி சொன்னால், மற்ற பாதியைக் குடிக்க யாராவது ஒருவர் தானாக வந்து சேர்வார். பேச வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

2025 ஜூன் 8, ஞாயிறு. முந்தின நாள் பக்ரீத். அதற்கு முன் புதன்கிழமை, சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். ஐபிஎல் தொடங்கி 18-ஆவது சீசனில்தான் ஆர்சிபி கோப்பையைத் தொட்டது. தொட்ட மறுநாள் இது. சந்தின் குறுக்கே சிவப்பும் தங்க நிறமுமாகக் கட்டிய தோரணம் அப்படியே தொங்குகிறது. அவிழ்த்தால் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி. கட்டிய பையன்களுக்கே தெரியவில்லை. கடையில் கிடந்த பேப்பரில் நான் புரட்டிய பக்கமெல்லாம் அதே சேதி: யார் அனுமதி கொடுத்தது, யார் கேட்டைத் திறந்தது.

அந்தப் பேப்பரில் கண்ணில் படாத ஒரு சேதி, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் கையில் இருந்த போன் வழியாகச் சந்துக்குள் வந்தது.

இன்லைன் ஸ்கேட்டை லேஸ் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். பயிற்சி முடிந்து வருகிறாள். முட்டியில் பழைய காயத்தின் மேல் புதுக் காயம். போன் அம்மாவுடையது, கண்ணாடி ஒரு மூலையில் விரிசல். ஸ்கேட்டிங் சார் வாட்ஸ்அப்பில் எதையோ போட்டிருக்கிறார். அதை யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்று கண் அலைகிறது. கிடைத்தவர் டீ மாஸ்டர்.

"அண்ணா, இதப் பாரேன். இந்தியா பொண்ணுங்க வெண்கலம் வாங்கிட்டாங்க. ஹாக்கில."

"நம்ம சாய்ல பிராக்டிஸ் பண்ணுவாங்களே, அவங்களா?"

மாஸ்டர் தப்பாகச் சொல்லவில்லை. இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியின் முகாம் பெரும்பாலும் இதே ஊரில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில்தான் நடக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்கள் 4-ஆம் இடத்தில் முடித்தபோது இந்தத் திண்ணையிலும் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

"அது டர்ப் ஹாக்கிண்ணா. இது ஐஸ் மேல."

"ஐஸ் மேல ஹாக்கியா?" மாஸ்டர் வடிகட்டியைத் தட்டினார். "யாருக்கும்மா அவ்ளோ திமிரு."

போனில் படம். நீலச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கழுத்தில் பதக்கம், முன்னால் கொடி. தலையில் போட்டிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டதால் முடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் ஐன் என்கிற ஊர். மே 31-லிருந்து ஜூன் 6 வரை பெண்களுக்கான ஆசியக் கோப்பை அங்கே நடந்தது. வெளியே பாலைவன வெயில், உள்ளே கூரை போட்ட மண்டபத்தில் உறைந்த தளம். இந்தியா மூன்றாவது. சர்வதேசப் போட்டி ஒன்றில் இந்த அணிக்கு இதுதான் முதல் பதக்கம். சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் இந்தியா 1989-லேயே உறுப்பினர். ஆண்கள் அணி முதல் ஆட்டம் ஆட 2009 ஆயிற்று. பெண்களுக்கு 2016. நம் ஊரில் எந்த வரிசையாக இருந்தாலும் பெண்கள் நிற்கும் இடம் எது என்று கேட்கவே தேவையில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்து நடந்தது எதுவும் நடந்திருக்காது.

ஐஸ்காரர் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோணிச் சாக்குக்குள் ஐஸ் பார். மீன் கடைக்கு ஒன்று, ஜூஸ் கடைக்கு அரை. வழக்கமாக இங்கே ஒரு டீ. "ஐஸ்" என்ற சொல் காதில் விழுந்ததும் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்தாரோ என்னவோ, எட்டிப் பார்த்தார். ஆட்கள் அவர் கண்ணில் படவே இல்லை. தரையைப் பார்த்தார்.

"வெள்ளையா இருக்குது பாப்பா. நல்ல ஐஸ் இல்ல இது. காத்துப் புடிச்சிருக்குது."

தன் சாக்கை விலக்கிக் காட்டினார். பாரின் ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால்போல ஒரு கோடு. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே உறையும்போது காற்றெல்லாம் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கே மாட்டிக்கொள்கிறது. அதனால் அந்த வெள்ளை. தொழிற்சாலையில் காற்றை ஊதிக் கலக்கிவிட்டுக்கொண்டே உறையவைத்தால் அது வராது.

அவர் சொன்ன காரணம் சரி. பார்த்த தளத்துக்குத்தான் பொருந்தாது. ஆட்டத் தளத்தின் ஐஸும் தெளிவானதுதான். அடியில் வெள்ளைச் சாயம் பூசி, அதன் மேல் சிவப்புக் கோடும் நீலக் கோடும் போட்டு, மேலே இன்னும் தண்ணீர் தெளித்து உறையவைத்துவிடுகிறார்கள். நாம் பார்க்கும் வெள்ளை சாயத்தின் வெள்ளை. இடைவேளைகளில் வண்டி ஒன்று கீறலைச் சீவி எடுத்துவிட்டு, மேலே தண்ணீர் விட்டுக்கொண்டு போகும். அது சுடுதண்ணீர்! சுடவைத்த தண்ணீரில் காற்று குறைவு. கீழே இருக்கும் ஐஸின் மேல்தோலைக் கொஞ்சம் உருக்கி அதோடு ஒட்டியும்கொள்ளும். ஐஸ்காரரிடம் இதைச் சொன்னால் இரண்டு நாள் தூங்க மாட்டார்.

"எவ்ளோ கனம் இருக்கும்? ரெண்டடி?"

"தெரியல தாத்தா."

"ரெண்டடி இருக்கும். இத்தினி பேரு குதிக்கிறாங்களே."

மூன்று நான்கு சென்டிமீட்டர். அதற்குக் கீழே குழாய்கள், குழாய்களில் உறையாத குளிர் திரவம். மின்சாரம் இருக்கும்வரை பாலைவனத்திலும் வருஷம் முழுக்க ஐஸ் இருக்கும்.

இந்தப் பெண்களில் பெரும்பாலோர் வந்த லடாக்கின் குளங்களில் குழாயும் கிடையாது, மின்சாரக் கட்டணமும் கிடையாது. லே ஊர் சுமார் 3500 மீட்டர் உயரத்தில். கார்சூ என்று ஒரு குளம். டிசம்பர் கடைசியில் குளிர் இறங்கியதும் அதன் மேல் இரவில் தண்ணீர் ஊற்றி, உறைந்ததும் மறுபடி ஊற்றி, அடுக்கடுக்காகத் தளம் கட்டுவார்கள். பிப்ரவரி கடைசிக்குள் அது போய்விடும். ஆக, வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். குளிர்காலம் சூடேறிக்கொண்டே வருவதால் அந்த இரண்டிலும் சில வாரங்கள் கழிகின்றன. ஆண்களும் ராணுவ அணிகளும் ஆடி முடித்த பிறகு மிச்சமான நேரம்தான் ஆரம்பத்தில் பெண்களுக்கு. வெயில் ஏறினால் குளத்து ஐஸ் இளகும் என்பதை எந்த ஐஸ்காரரிடம் கேட்டாலும் சொல்வார்.

லேவில் இப்போது குளிரூட்டிய தளம் வந்திருக்கிறது. அதற்கு முன்னால், ஐஸ் உருகிய மாதங்களில் பயிற்சி வேண்டும் என்றால் குர்காவ்னில் ஒரு மாலுக்குள் இருக்கும் சின்னத் தளத்துக்குப் போனார்கள். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகப் பெரிய தளம் கட்டினார்கள், கட்டிவிட்டுப் பல வருஷம் பூட்டியே வைத்திருந்தார்கள். கட்டுவதில் நாம் காட்டும் உற்சாகத்தில் கால்வாசியைக் கரண்ட் பில் கட்டுவதில் காட்டினால் போதும்.

ஐஸ்காரர் டீயை முடித்தார். "நம்ம ஊர்ல இது இருக்குதா?"

"இங்க இல்ல தாத்தா. சின்னதா பனி மாதிரி ஒண்ணு பேலஸ் கிரவுண்ட்ஸ் பக்கம் இருக்கு. ஆனா அதுல ஹாக்கி ஆட முடியாது."

"மால்ல வெச்சா நான் ஐஸ் போடுவேன்" என்றார் ஐஸ்காரர். சர்வதேச அளவில் தளம் 60 மீட்டர் நீளம். 30 மீட்டர் வரை அகலம். எத்தனை வண்டி பார் வேண்டும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டதுபோலத்தான் இருந்தது. வண்டியைத் தள்ளும்போதும் உதடு அசைந்துகொண்டிருந்தது.

டீக்கடைக்கு எதிரே கீழ்த்தள வீடு ஒன்றின் வாசலில் தையல் மெஷின். மெஷினுக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார் சாணைக்காரர். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மிதித்தால் கல் சுற்றும்படி பண்ணிய சைக்கிள். பக்ரீத்துக்கு முந்தின நாட்களில் அவருக்கு ஓய்வே இருந்திருக்காது. இன்று கத்தரிக்கோல் ஒன்றே ஒன்று, தையல்காரம்மாவுடையது. அதையும் முடித்துக் கொடுத்துவிட்டு, காசுக்குக் காத்திருக்கிறார். ஆள் அறுபதைத் தாண்டியவர். வலது கட்டைவிரல் நகம் முழுக்கக் கோடு கோடாக அறுந்திருக்கிறது. கூர்மையை நகத்தில்தான் சோதிப்பார்.

"அந்த ஷூவக் காட்டு கண்ணு."

சிறுமி படத்தைப் பெரிதாக்கினாள். ஷூவுக்குக் கீழே இரும்புத் தகடு. அவர் போனைக் கையில் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"இன்னா கனம் இது? கத்தி மாதிரியே இல்லியே. கத்தின்னா ஒரு பக்கம் இழைஞ்சு போகணும். இது பட்டையா இருக்கு."

"சார் சொன்னாரு, மூணு மில்லிமீட்டர்."

"மூணு மில்லியா." யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். மாஸ்டர் இரண்டு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டார், அவர் இன்னும் யோசிக்கிறார். பிறகு தரையில் கிடந்த ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்தார். "அடியில நடுவுல பள்ளம் போட்டிருப்பான். நீளவாக்குல. அப்பத்தான் ரெண்டு பக்கமும் கூர் நிக்கும். உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு. எந்தப் பக்கம் சாயுறாளோ அந்தக் கூரு ஐஸப் புடிக்கும். பள்ளம் இல்லன்னா கோவிந்தா."

திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. ஐஸ் தளம் ஒன்றைக் கண்ணால் பார்க்காத மனுஷர், ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு, ஸ்கேட் தகடு வேலை செய்யும் விதத்தை முழுசாகச் சொல்லிவிட்டார். அப்படியேதான். விளிம்பு வட்டமாக உருட்டிய கல்லில் தகட்டை நீளவாக்கில் இழுத்து அந்தப் பள்ளத்தைப் பிடிப்பார்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் கூர் நன்றாகக் கடிக்கும், திரும்புவது சுலபம், வேகம் கொஞ்சம் குறையும். ஆழம் குறைந்தால் சறுக்கல் அதிகம், பிடிப்பு குறைவு. கோல்கீப்பருக்கு ஒரு மாதிரி, ஓடி ஆடுகிறவளுக்கு இன்னொரு மாதிரி. ஒரு பக்கத்துக் கூர் மழுங்கினால் அந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் விழுவாள்.

"யாரு புடிச்சுக் குடுப்பாங்க அவங்களுக்கு, சாணை?"

சிறுமிக்குத் தெரியவில்லை. அவர் கேள்வியை விடவில்லை. "அங்க எவனாவது இருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லடாக்கில் ஆரம்ப காலத்துக் கதையாகச் சொல்வார்கள்: ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புப் பட்டையைப் பொருத்திக்கொண்டு உறைந்த குளத்தில் இறங்கினார்களாம். அதைச் செய்து கொடுத்த கையும் இவர் கை மாதிரித்தான் இருந்திருக்கும், கட்டைவிரல் நகத்தில் கோடுகளோடு.

"விழுந்தா?" என்றார்.

"எந்திரிக்கணும் தாத்தா. விசிலு அடிக்க மாட்டாங்க."

கடையின் உள் பெஞ்சில் ஒரு பையன். ஆர்சிபி சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருக்கிறான். புதன்கிழமை கேட்டுப் பக்கம் இருந்தவன் என்று மாஸ்டர் யாரிடமோ தாழ்ந்த குரலில் சொன்னது காதில் விழுந்திருந்தது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தானாம். அதுவரை நிமிராதவன், உள்ளிருந்தபடியே கேட்டான்.

"மேட்ச்சுக்கு எத்தினி பேர் வந்தாங்க?"

சிறுமி படத்தை நகர்த்திப் பார்த்தாள். "தெரியலண்ணா. பின்னாடி சீட்டு காலியாத்தான் தெரியுது."

"நல்லது" என்றான்.

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டர் அடுப்பைக் குறைத்தார், தேவையே இல்லாமல். காய்கறி வண்டிக்காரம்மா வந்து "ஏனு அது, சினிமாவா?" என்று கன்னடத்தில் கேட்டு, "ஆட்டா, ஆட்டா" என்று மாஸ்டர் சொன்னதும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பாவம், சளி ஆகல்வா" என்று நகர்ந்தார். குளிராதா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

தையல்காரம்மா அப்போதுதான் சாணைக்காரருக்குக் காசு கொடுக்க எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம், கிழிந்த பேக், எது வந்தாலும் தைப்பார். அப்பா ராஜா மில்லில் வேலை பார்த்தவர் என்பதை வாடிக்கையாளர் யாராவது அவசரப்படுத்தும்போதெல்லாம் சொல்வார்: "எங்கப்பா ஓட்டுன தறிய நீ பார்த்திருக்கியா? நூல அவசரப்படுத்த முடியாது." மில் இருந்த இடத்தில் இப்போது மந்திரி மால். மினர்வா மில், பின்னி மில் என்று இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைக் கட்டி இழுத்துவந்த மில்களெல்லாம் மூடிப்போய் நாளாயிற்று. சங்கொலிக்கு எழுந்த தெரு இப்போது மெட்ரோ சத்தத்துக்கு எழுகிறது.

அவர் பார்வை நேராகக் கோல்கீப்பர் மேல் விழுந்தது.

"எம்மா! இது இன்னா, மெத்தைய சுத்திக்கினு நிக்கிறா?"

"கோலி ஆன்ட்டி. பந்து இல்ல, வட்டமா ரப்பர் இருக்கும். அது வந்து அடிக்கும்."

அந்த ரப்பர் வட்டு ஏறக்குறைய 170 கிராம். ஆட்டத்துக்கு முன்னால் அதை உறையவைத்துவிடுவார்கள், துள்ளக் கூடாது என்று. கல்லாகிப்போன அந்த வட்டை, 1.83 மீட்டர் அகலமும் 1.22 மீட்டர் உயரமும் உள்ள கூட்டின் முன்னால் நின்று ஒருத்தி தடுக்க வேண்டும்.

தையல்காரம்மாவுக்கு வட்டைப் பற்றி அக்கறை இல்லை. "இந்தக் காலு பாரு. நாலு அடுக்கு வெச்சுத் தெச்சிருக்கான். மடிப்புல தையல் தெரியல, உள்பக்கமா போயிருக்கு. தோள் இடிக்குது. இது இவளுக்கு அளவெடுத்தது இல்ல."

அந்தக் கவசம் யாருக்காகத் தைத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா சொன்னது இந்த அணியின் தொடக்கக் கதை. 2016 மார்ச்சில் தைபேயில் முதல் போட்டிக்குப் போனபோது இரவல் சாமான்கள்தான் பாதி. கோலில் நின்றவர் லேவைச் சேர்ந்த நூர் ஜஹான். ஆண்களுக்காகச் செய்த கவசத்தைப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த முறை ஜெயிக்காமல் திரும்பினார்கள். 2017-இல் பாங்காக் போகக் காசு இல்லாமல் ஊர் உலகத்திடம் இணையம் வழியாகக் கையேந்தினார்கள். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்தார்கள். கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர், ஒலிம்பிக்கில் 4 தங்கம் வாங்கியவர், 2018 தொடக்கத்தில் லேவுக்கே வந்து இவர்களோடு குளத்து ஐஸில் இறங்கினார். வந்தவர்கள் மூட்டை மூட்டையாகக் கவசங்களும் கொண்டுவந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் இந்தப் பெண்கள் கனடா போய் ஆடினார்கள். சொந்த நாட்டுச் சம்மேளனமும் அரசும் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்க வேண்டியதை வெளியூர்க்காரர்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நூர் ஜஹானுக்கு வேறொரு தொழில் உண்டு. பழைய சுவரோவியங்களையும் துணி ஓவியங்களையும் பழுதுபார்ப்பது. நூற்றாண்டு கண்ட சாயம் உதிராமல் தூசியை மட்டும் எடுக்கும் கை, குளிர்காலத்தில் அத்தனை பெரிய கையுறைக்குள் போய்விடும். இது மட்டும் தையல்காரம்மாவுக்குத் தெரிந்தால் போதும், ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தத் துணி ஓவியத்தின் ஓரத்தை எப்படி மடித்தார்கள் என்று கேட்பார்.

சிறுமி இதற்குள் இன்னொரு வீடியோவைத் தட்டியிருந்தாள். பழையது. பாங்காக், 2017 மார்ச். பிலிப்பைன்ஸை 4-3 என்று ஜெயித்த ஆட்டம், இந்த அணியின் முதல் வெற்றி. இந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கோட்டில் வரிசையாக நிற்க, ஜெயித்தவர்களின் தேசிய கீதத்தைப் போடுவார்கள். அதுவரை மற்ற நாட்டுப் பாட்டுக்கெல்லாம் நின்று பழகியவர்கள். சொந்தப் பாட்டு வந்ததும் பாடத் தொடங்கி, பாதியில் அழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி இரண்டு பேர் இல்லை, வரிசை முழுக்க. உடைந்த கண்ணாடிக்குள் சின்னச் சின்ன உருவங்கள் தோளோடு தோள் போட்டுக்கொண்டு குலுங்குகின்றன. பாட்டு போன் ஸ்பீக்கரில் கரகரக்கிறது.

மாஸ்டர் கையில் வடிகட்டியோடு அப்படியே நின்றார். சாணைக்காரர் எழுந்து நின்றார். உள்ளே இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். தேசிய கீதமா என்று உறுதியில்லாத ஒரு வாடிக்கையாளர் பாதி எழுந்து, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டார்.

"ஜெயிச்சிட்டு எதுக்கு அழுவுறாங்க?" என்றார் மாஸ்டர்.

"கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறவரைக்கும் யாரு திரும்பிப் பாத்தாங்க?" என்றார் தையல்காரம்மா. பதிலா, வேறெதுவுமா என்று புரியவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"டீ ஆறுது மாஸ்டர்" என்றது ஒரு குரல்.

இந்த அணியைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த அழுகையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சலிப்பு உண்டு. அழுகை ஒரு நிமிஷம். அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஆடியிருக்கிறார்கள். கேப்டனாக இருந்த செவாங் சுஸ்கித் மாதிரியானவர்கள் தைபேயிலிருந்து தொடர்ந்து நின்றவர்கள். இடையில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை பெண்கள் அணியைக் கட்டியது. சிலருக்கு அதனால் சம்பளம் கிடைத்தது, ஆடவும் வழி கிடைத்தது. 2024-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் ஒரு பகுதி லேவுக்கு வந்தது. இப்படிப் பார்க்கக் கவர்ச்சியில்லாத விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ராத்திரி ஊற்றும் தண்ணீர் மாதிரி, உறைந்த பிறகுதான் அல் ஐன்.

"நீ இத ஆடப் போறியா?" மாஸ்டர் சிறுமியிடம்.

"இங்க ஐஸ் எங்கண்ணா இருக்கு. நாங்க சக்கரத்துல ஆடுறோம். அதுவும் ஹாக்கிதான். சார் ஸ்டிக்கு வாங்கி வெச்சிருக்காரு."

சக்கரத்துக்கும் கதை இருக்கிறது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் ரிலேயில் பெண்களும் ஆண்களும் ஆளுக்கொரு வெண்கலம் வாங்கினார்கள். பெண்கள் நால்வரில் ஆரத்தி கஸ்தூரி ராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆரத்தி டாக்டர். அந்தப் பெயரைச் சிறுமியே சொன்னாள், சாரின் குரலில் சொன்னாள்: "ஆரத்தி அக்கா டாக்டருக்குப் படிச்சிக்கினே ஓட்டுனாங்களாம். படிப்பு கெடும்னு சொல்லாதீங்கன்னு எங்கம்மாகிட்ட சார் சொன்னாரு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஷூக்கு சக்கரம் மாத்த எவ்ளோன்னு கேட்டாங்க."

மாஸ்டர் சிரித்தார். ஸ்கேட்டைக் கழுத்திலிருந்து வாங்கி ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். ஓரம் தேய்ந்து சாய்ந்திருந்தது. சாணைக்காரர் அதையும் வாங்கிப் பார்த்து, "இதக் கழட்டி உள்பக்கம் வெளிப்பக்கமா மாத்திப் போடு, இன்னும் கொஞ்ச நாள் வரும்" என்றார். ஸ்கேட்டிங் பழக்குகிறவர்கள் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார். இந்த மனுஷருக்குத் தெரியாமல் எதுவும் தேயாது போலிருக்கிறது.

"எந்த இடத்துல ஆடுவ?"

"கோலி."

"ஏன், முன்னாடி ஓட வேண்டியதுதானே?"

"எல்லாரும் முன்னாடி ஓடணும்ங்கிறாங்க. கோலுக்கு யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க. வலிக்குமாம். நான் நிக்கிறேன்னு சொல்லிட்டேன்." முட்டியைத் தொட்டுக்கொண்டாள். "ஆனா பேடு இல்ல. கிரிக்கெட் பேடக் கட்டிக்கினு நின்னேன், மடங்கவே இல்ல."

தையல்காரம்மா இதுவரை சிறுமியின் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தார். மெஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் குந்தினார்.

"நேரா நில்லு. முட்டிய மடக்கு. இன்னும். அந்தப் பொண்ணு நிக்குதே, அது மாதிரி."

சிறுமி போனில் இருந்த கோலியைப் போல முட்டியை உள்ளே சாய்த்து நின்றாள். டேப் முட்டியைச் சுற்றியது, கணுக்காலிலிருந்து தொடை வரை போயிற்று. அளவைச் சொல்லச் சொல்ல மாஸ்டர் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதினார்.

"ரெக்ஸின் என்கிட்ட கிடக்கு. ஆட்டோ சீட்டு தெச்சது மிச்சம். நடுவுல மூணு துண்டா வெட்டி மடிப்பு குடுக்கிறேன், அப்பத்தான் உக்கார முடியும். ஸ்பாஞ்சு யார்கிட்ட இருக்கு?"

"என் மச்சான் சோபா வேல செய்றான்" என்றது உள் பெஞ்சு. சட்டையைத் திருப்பிப் போட்ட பையன். "கட்டியான ஸ்பாஞ்சா, மெத்துன்னா?"

"கட்டி. மெத்துன்னு இருந்தா அடி உள்ள இறங்கும்."

"எவ்ளோ ஆகும் ஆன்ட்டி?" சிறுமி. குரல் சின்னதாகிவிட்டது.

"நூல் காசு குடு. வாருக்கு பக்கிள் வேணும், அது சிக்பேட்டைல வாங்கிக்கினு வா, பிளாஸ்டிக்கு வேணாம், இரும்பு. நாலு ஜோடி."

"நாளைக்கிக் கிடைக்குமா?"

"நாளைக்கா!" தையல்காரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஸ்கூல் தொறந்திருக்கு, யூனிஃபார்ம் மலையாட்டம் கிடக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம. அதுக்கு முன்னாடி வந்து வாசல்ல நின்ன, பக்கிளோட சேத்துத் தெச்சிடுவேன்."